அப்பா சூளையில் இருக்கிறார்

"ஒலகத்துலயே பொய் பேசாத ஒரே தமிழன் நான்தாம்மா," என்றான் பாரி, கம்ப்யூட்டருக்குள்ளிருந்து. சிரிக்க வைப்பதற்காகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. அவனுக்குப் பின்னால் இங்கிலாந்து ஒரு ஜன்னல் அளவுக்குத் தெரிந்தது.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடி பிரவுசிங் சென்டரில் கனகாம்பரமும் வட்டப் பொட்டுமாக, கல்யாணத்துக்கு வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள் அவன் அம்மா கொளஞ்சியம்மாள். கேமராவைப் பார் என்று எத்தனை சொன்னாலும் மகனைத்தான் பார்ப்பாள். அதனால் அங்கே அவனுக்கு, அம்மா எப்போதும் தலைகுனிந்தே தெரிவாள்.

"குளிருதா சாமி? தொப்பிய காதுவரைக்கும் இழுத்து வுட்டிருக்குற?"

"ஜலதோஷம்மா."

அவன் முதுகுக்குப் பின்னால் அறைத்தோழன் சட்டையில்லாமல் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே போனான்.

"இங்க வந்து நான் படிச்சது செராமிக் இல்லம்மா. மூஞ்சிக்கு நேரா உண்மைய சொல்றததான் படிச்சேன். எங்க புரொபசரோட அம்மா செத்துட்டாங்க. காலையில வந்தாரு, 'எங்கம்மா எறந்துட்டாங்க, அடுத்த வாரம் பாப்போம்'னாரு, போயிட்டாரு. நம்ம ஊர்ல? பெரியப்பா செத்தப்ப காலேஜுக்குப் போன் பண்ணி என்ன சொன்னீங்க? 'லேசா ஒடம்பு முடியல, பயப்படாம வா'ன்னீங்க. நானும் நம்பி, உளுந்தூர்பேட்டையில எறங்கி ஹார்லிக்ஸ் வாங்கிட்டு வந்தேன். பாத்தா, வூட்டு வாசல்ல மேளம் அடிக்கிறான். பொணத்துக்கு ஹார்லிக்ஸ் வாங்கியாந்தவன் ஒலகத்துலயே நான் ஒருத்தன்தான்."

"இப்ப எதுக்கு மாப்ள அதெல்லாம்?" என்று குறுக்கே தலையை நீட்டினார் மாணிக்கவேல். கொளஞ்சியம்மாளின் தம்பி.

"சும்மாதான் மாமா. எதுன்னாலும் எங்கிட்ட நேரா சொல்லலாம். அதுக்குச் சொன்னேன்."

சொல்லியிருக்கலாம். பாரியின் அப்பா கோவிந்தசாமி செத்து மூன்று வாரமாகிறது. செராமிக் பேட்டையில் சூளை மேஸ்திரி. வேலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்றுதான் பேசினார்: "பரீட்ச முடியறவரைக்கும் புள்ளைக்குச் சொல்லாதீங்க." அந்தக் கடைசிப் பரீட்சை நாளைக்கு. பாதியில் கிளம்பி வந்தால் திரும்பிப்போக விசா இல்லை. பட்டமும் இல்லை.

ரகசியத்துக்கு மாணிக்கவேல்தான் பொறுப்பு. வீடு வீடாகப் போய்ச் சத்தியம் வாங்கினார். அக்கா வீட்டு போன் வயரைப் பிடுங்கினார். கையோடு பாலக்கரையில் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரும் வைத்தார். துயரில் வாடுவோர் வரிசையில் முதல் பெயர், கொட்டை எழுத்தில்: பாரி, எம்.எஸ்ஸி., இங்கிலாந்து. போடாவிட்டால் ஊர் என்ன நினைக்கும்? ஆக, பாரி துயரில் வாடுவது பாரியைத் தவிர விருத்தாசலம் முழுக்கத் தெரியும்.

பொட்டு, மகள் துர்காவுடைய ஸ்டிக்கர். கருமாதியன்று அழித்த நெற்றி அது. முக்காடு போட்டுக்கொண்டு மாடியேறி, பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்த பிறகுதான் ஒட்டிக்கொண்டாள். பூவும் அப்படித்தான், பைக்குள் ஒளிந்து வந்தது.

"அப்பா எங்கம்மா?"

"சூளையில தீ போட்டிருக்குது சாமி. வுட்டுட்டு வர முடியாதுன்னுட்டாரு."

"போன வாரமும் அதத்தான சொன்ன? அதுக்கு முந்துன வாரமும்."

"ஆமா... அதே சூளதான்."

"மூணு வாரமா எரியற சூளைய நான் இங்க எந்தப் பொஸ்தகத்துலயும் படிக்கலியேம்மா."

கொளஞ்சியம்மாள் வாயைத் திறந்தாள். உதடு மட்டும் கோணிக்கொண்டு போனது.

"பெரிய ஆர்டரு மாப்ள!" என்று மாணிக்கவேல் பாய்ந்தார். "ஒண்ண எறக்குனா ஒண்ண ஏத்துறாங்க. ஒங்கப்பா வூட்டுக்கே வர்றதில்ல, தூக்கமெல்லாம் அங்கியேதான்."

லைன் போய்விட்டதோ என்று மாணிக்கவேல் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார்.

"ஆர்டரு இருந்தா வேற என்ன பண்ண முடியும் மாமா," என்றான் பாரி கடைசியில். "யம்மா, நீ வேளைக்குச் சாப்புடு. நாளைக்குப் பரீட்சைய முடிச்சிட்டு நேரா வந்துடறேன். அப்பா வந்தாருன்னா, இங்கேருந்து ஹார்லிக்ஸ் வாங்கியாரேன்னு சொல்லு."

அணைப்பதற்காகச் சட்டென்று குனிந்தான். நெட் வழக்கம்போலச் சிக்கிக்கொண்டது. குனிந்த மேனிக்கே படம் உறைந்து நின்றது.

மாணிக்கவேல் படத்தைப் பார்க்கவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பாத்தியாக்கா? துளி சந்தேகம் வரல அவனுக்கு! லண்டன்ல படிச்சா என்ன, நம்மகிட்ட நடக்குமா?"

கொளஞ்சியம்மாள் நெற்றியிலிருந்து ஸ்டிக்கரை உரித்துக் கம்ப்யூட்டரின் ஓரத்தில் ஒட்டினாள். பூவை எடுத்துப் பைக்குள் போட்டாள். பிறகு திரையில் மகனின் தலை இருந்த இடத்தை உள்ளங்கையால் மெல்லத் தடவினாள்.

"தொப்பி கழண்டுடுச்சு மாணிக்கம்," என்றாள். "புள்ள மொட்ட போட்டிருக்கான்டா."