கண் மருந்தின் மூடி

2018 செப்டம்பர் 29, சனிக்கிழமை மாலை, தீவுப் பூங்காவின் கடற்கரையில் அடித்திருந்த கூடாரத்துள் சடகோபனின் கண் மருந்துப் புட்டி திறந்து கிடந்தது. அதன் வெள்ளை மூடியை ஓடாக மாட்டிக்கொண்டு காலிச் சங்குகளில் குடியிருக்கும் ஒரு சங்குநண்டு வெளியே ஊர்ந்துகொண்டிருந்தது. ஊர் திரும்பி வேறு மருந்து வாங்கப் படகு திங்களன்றுதான் வரும்.

"மருந்துல மணல் விழுந்தா இருக்கற ஒரு கண்ணும் போயிடும். பிடுங்குடி அதை!"

"ஏன்னா, பிடுங்கினா அது செத்துடும்" என்றாள் மனைவி குமுதவல்லி.

"வேற ஓட்டுக்கு அது எங்கே போகும்? கொலுவுல வைக்கணும்னு சங்கையெல்லாம் பொறுக்கிக் கரையையே துடைச்சு வழிச்சியே!"

அவள் குனிந்து பார்த்தாள். மூடிக்குள் அடங்காத நண்டின் வயிறு வெளியே துடித்துக்கொண்டிருந்தது. பொறுக்கிய சங்குகள் அனைத்தையும் அதன் வழியில் கொட்டுவதென்றும், அது மூடியை விட்டு ஒன்றில் குடியேறும்வரை சடகோபன் புட்டியைக் கையால் பொத்திப் பிடித்திருப்பதென்றும் முடிவாயிற்று.