மூணாவது மாடி

"கொஞ்சம் வலிக்கும். பொறுத்துக்குங்க" என்றார் பல் டாக்டர்.

அவளுக்குப் பல்லில் ஒரு கோளாறும் இல்லை. டாக்டர் கையில் இருந்தது குறடும் அல்ல, அவள் எழுதிய நகைச்சுவை நாடகம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நோயாளிகள் வராததால், டாக்டரின் கிளினிக் அவர்களுடைய நாடகக் குழுவின் கூடமாகிவிடும். சுவரில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் குடும்பப் படத்துக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர்கள் வாசித்துக் கருத்து சொல்வார்கள்.

டைல்ஸ் கடையில் பில் போடுகிற அவளுக்கு இங்கே 'பில் மேடம்' என்று பெயர். இத்தனை நாள் எழுதியும் ஒரு நாடகம்கூட மேடை ஏறவில்லை. அடுத்த மாதம் நடக்கும் நிகழ்ச்சியில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அது இவளுக்கா, குழுவில் எழுதும் இன்னொருவரான போட்டோகிராஃபருக்கா என்பது இன்று டாக்டர் வாயில் இருந்தது.

வாசித்தபோது எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிரிக்கவே மாட்டார். பிடித்த இடம் வந்தால் பென்சிலால் ஒரு டிக் அடிப்பார், அவ்வளவுதான். ஆனால் அவர் குறை சொன்ன இடத்தைத் திருத்திவிட்டால் போதும், படுத்துக் கிடந்த நாடகம் எழுந்து உட்கார்ந்துவிடும். அதற்காகவே அவர் எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்ள அவள் தயார்.

"முதல்ல நல்லதைச் சொல்லிடறேன்" என்றார் டாக்டர். "முன்னாடியெல்லாம் நீங்க எழுதினதைப் படிச்சா மயக்க ஊசியே வேண்டாம். இப்ப எழுதறதுல உயிர் இருக்கு. அந்த ரிமோட் சீன் அபாரம். டி.வி. ரிமோட்டைக் காதுல வச்சுக்கிட்டு அம்மாவுக்கு போன் போடறான், லைன் கிடைக்கலன்னு போன் கம்பெனியத் திட்டறான் பாருங்க! எங்கேருந்து புடிக்கிறீங்க இதெல்லாம்?"

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் எங்க வீட்டுக்காரர் புண்ணியம் சார். கண்ணால பார்த்ததைத்தான் எழுதறேன்."

"அவர் என்ன வேலை பாக்கறார்?"

"நாடகத்துல வர்ற அதே வேலைதான். லிஃப்ட் மெக்கானிக்."

"ஐயையோ! இனிமே நமக்கு மாடிப்படிதான்" என்றார் போட்டோகிராஃபர். கிளினிக் அதிர்ந்தது.

"வேலையில அவர் கெட்டி சார். ஒரு ஸ்க்ரூவை முடுக்கிட்டு மறுபடி மறுபடி பார்ப்பார். வீட்டுக்குள்ள கால் வச்சாத்தான் இப்படி!"

டாக்டர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "இப்ப வலிக்கிற இடம். பீரோ சீன். வேலை முடிஞ்சு களைச்சு வந்த புருஷன், பீரோவைத் திறந்து, துணிக்கு நடுவுல ஏறி நிக்கறான்; வெளிய போய்ட்டு வர்ற பொண்டாட்டியப் பார்த்து 'மூணாவது மாடி'ங்கறான். நம்ப முடியல."

"சத்தியமா நடந்துச்சு சார்!"

"நடந்திருக்கலாம். நடந்ததெல்லாம் மேடையில நிஜமாயிடாது. ரிமோட்ல பேசறவன், தான் போன்லதான் பேசறோம்னு முழுசா நம்பறான். அதான் சிரிப்பு வருது. பீரோல நிக்கறவன் நம்பல. எங்கேயோ இடிக்குது. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள அதைச் சரி பண்ணிக் கொண்டுவந்தா மேடை உங்களுக்கு. இல்லன்னா போட்டோகிராஃபருக்கு."

வீட்டுக்கு நடக்கும்போது நன்றாகவே வலித்தது. ஆனால் யோசிக்க யோசிக்க, மனுஷன் சொன்னது சரி என்றே பட்டது. நடந்ததை ஒரு புள்ளி மாற்றாமல் எழுதியிருக்கிறாள். இருந்தும், அடுத்தவர் குரலில் கேட்டபோது அந்த இடம் அவளுக்கே ஒட்டவில்லை. எப்படித்தான் கண்டுபிடிக்கிறாரோ என்று வலியோடு வலியாக வியந்துகொண்டாள்.

அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. எழுதுவது எதையும் அவள் கணவரிடம் காட்டியதில்லை. கேட்டால் "சும்மா கற்பனைங்க" என்று மழுப்பிவிடுவாள். தன் அசட்டுத்தனத்தை ஊருக்கே படம் போட்டுக் காட்டுகிறாள் என்று தெரிந்தால் அந்த நல்ல மனுஷன் எவ்வளவு நொந்துபோவார்! அவரிடம் போய், அன்றைக்கு பீரோவுக்குள் என்ன நினைத்துக்கொண்டு நின்றீர்கள் என்று எப்படிக் கேட்பது?

கணவர் கூடத்தில் உட்கார்ந்து துவைத்த துணிகளை ஓரத்தோடு ஓரம் பொருத்தி மடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"என்னாச்சு? டாக்டர் என்ன சொன்னார்? மேடை ஏறுதா?"

"இன்னும் முடிவாகலைங்க. மத்ததெல்லாம் ரொம்ப நல்லா இருக்காம். ஒரே ஒரு சீன்தான் நம்பற மாதிரி இல்லையாம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி வைத்தாள்.

கணவர் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார்.

"எது? ரிமோட்டா, பீரோவா?"



"பீரோவாத்தான் இருக்கும்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். முகம் சுண்டிப் போயிருந்தது. "நம்ம வீட்டுல சிரிக்கிற மாதிரி ஒண்ணுமே நடக்கல, நான் எதைத்தான் எழுதறதுன்னு ஒருநாள் அழுதியே, அதுலேருந்து பண்ணினது எல்லாமே நல்லாத்தான் வந்துச்சு. பீரோ அன்னைக்குப் பார்த்து நீ வர லேட்டாயிடுச்சு, உள்ளயே நின்னு நின்னு கால் மரத்துப்போய் நடிப்பு கெட்டுடுச்சு. நீ வெளிய போய்ட்டு வா, இன்னொரு தடவை ஒழுங்கா பண்ணிக் காட்டறேன்."