உறைக்குள் ஓர் எண்

நான்கு வருஷமாக சாமுவேல் தன் மனைவி பியூலாவின் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. கோபமெல்லாம் ஒன்றுமில்லை. இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம். அணுவுக்குள் இருக்கும் குவார்க் என்ற நுண்துகள் சிதைந்து மூன்று வகையில் மாறலாம். மூன்றின் வாய்ப்புகளையும் கூட்டினால் சரியாக ஒன்று வர வேண்டும். இம்மி குறைந்தாலும், இதுவரை யாரும் காணாத ஏதோவொரு துகள் நடுவில் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அளப்பவரின் ஆசை அளவைக் கெடுத்துவிடக் கூடாதென்று, அவர் கணக்கில் ஒரு ரகசிய எண்ணைக் கலந்து வைப்பது அங்கே வழக்கம். கடைசியில் அதைக் கழித்தால்தான் உண்மையான விடை தெரியும். சாமுவேலின் கணக்கில் கலந்த எண் இருந்த உறை பியூலாவின் பொறுப்பில் இருந்தது. அவள் புருவம் அசைந்தாலே விடையை ஊகித்துவிடுவோமோ என்று பயந்து, சாப்பிடும்போதுகூட அவர் ரசத்தைப் பார்த்தே பேசினார்.

கணக்கு முடிந்த இன்று, அவள் உறையைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தாள். மேலே வைத்த அரக்கு உடையாமல் இருந்தது.

"நீ பிரிச்சுப் பாக்கலையா?"

"கம்ப்யூட்டர் போட்ட நம்பர். ஒட்டித்தான் எங்கிட்ட குடுத்தாங்க. எனக்கும் தெரியாது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, பியூலா."

"அதப் பத்தி மூச்சு விடக்கூடாதுன்னு விதி எழுதுனதே நீங்கதான்."

சாமுவேல் உறையைக் கையில் எடுத்தார். பிரிக்காமல் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கண்ணாடி எப்ப போட்ட?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. கவரப் பிரிங்க."

அவர் உறையை ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.