நாற்பத்தொன்றும் ஐம்பத்தெட்டும்

"க்ளெனிஸ், நாற்பத்தொண்ணாம் பென்குயினோட அலகு அளவைத் திருத்தினது யாரு?"

ஹாமிஷ் பதிவேட்டை நீட்டினான். ரப்பரால் அழித்த தடம் நன்றாகவே தெரிந்தது.

"நான்தான். இப்ப என்னங்கறே?" என்றாள் க்ளெனிஸ்.

எண்ணெய்க் கப்பல் உடைந்து ஆறு வாரம். எங்கள் டாஸ்மேனியக் கரையில் ஒதுங்கிய பென்குயின்களுக்கு, எண்ணெயைக் கொத்தி விழுங்காதபடி கம்பளிச் சட்டை மாட்டி, பிறகு கழுவி, க்ளெனிஸும் நானும் மற்றத் தன்னார்வலர்களும் ஒருவழியாகத் தேற்றிவிட்டோம். எது வடக்குத் தீவு, எது தெற்குத் தீவு என்பதுதான் தெரியவில்லை. அதற்காகத் தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து வந்தவன் இந்தப் புள்ளிவிவரக்காரன் ஹாமிஷ். அலகின் தடிமனையும் துடுப்புச் சிறகின் நீளத்தையும் ஒரு சூத்திரத்தில் போடுவான். விடை ஒன்பதைத் தாண்டினால் வடக்கு, தாண்டாவிட்டால் தெற்கு.

ஒரு பறவைக்குக்கூடப் பெயர் வைக்க விடாமல் வெறும் எண் போட்ட கல்நெஞ்சன்!

"நாற்பத்தொண்ணும் அம்பத்தெட்டும் ஜோடி, ஹாமிஷ். சாயங்காலமானா இது கூப்பிடும், அது பதில் சொல்லும். இதை வடக்கே, அதைத் தெற்கேன்னு பிரிக்கிறியே, நல்லாவா இருக்கு? அதான் ரெண்டையும் தெற்காக்கினேன்."

"இங்க வந்து சேர்ந்த ஜோடி அது. ஊர் வேற."

"ஆமா, உன் சூத்திரம் தப்பே பண்ணாது பாரு!"

"பண்ணும், நூத்துக்கு எட்டு. ஆனா அளவையே பொய்யா எழுதினா, அதை வச்சுச் சரிபண்ற சூத்திரமும் அடுத்த தடவை எல்லாமே தப்பாச் சொல்லும்."

மறுபடி அளந்தான். நாற்பத்தொன்று வடக்கேதான்.

க்ளெனிஸ் அழுதுவிட்டாள். எனக்கு அவனை ஓர் அறை விடலாம் போலிருந்தது.

விடியற்காலை. பனிமூட்டத்தில் கடல் எது, வானம் எது என்றே தெரியவில்லை. கூடைகளை ஏற்றிய இரண்டு படகுகளும் ஆகாயத்தில் மிதப்பதுபோல் விலகிப் போயின. அரைத்தூக்கத்தில் இருப்பவர்கள்போல் நாங்கள் கரையிலேயே நின்றோம்.

வடக்குப் படகிலிருந்து ஒரு கூவல்.

உடனே அதற்குப் பதில். அதே படகிலிருந்து!

"அம்பத்தெட்டோட குரல்!" க்ளெனிஸ் என் கையை இறுகப் பிடித்தாள்.

ஹாமிஷைத் திரும்பிப் பார்த்தோம். அவன் முதுகைக் காட்டியபடி காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

பதிவேட்டைத் திறந்தேன். ஐம்பத்தெட்டின் அளவில் எந்தத் திருத்தமும் இல்லை. விடை எட்டேகால், தெற்கு. அனுப்பிய இடம் மட்டும் வடக்கு.

பக்கத்தில் அவன் கையெழுத்து: 'தெரிந்தே செய்த தவறு. சூத்திரத்தின் மேல் பழியில்லை. ஹாமிஷ்.'