சுவரில் வைத்த கை

புது ஃபிளாட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து கணவர் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தார். ஹீட்டர் கூடாது, இஸ்திரிப் பெட்டி கூடாது. பேய் கீய் பிடித்துவிட்டதோ என்று அவள் பயந்தாள். வயர் கம்பெனியில் கம்பியின் மின்தடையை அளந்து பாஸ் போடுகிற மனுஷன் கரண்டுக்குப் பயப்படலாமா?

எலக்ட்ரீஷியனை வரவழைத்தாள். அவன் சுவிட்சுப் பெட்டியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தான்.

"எல்லாம் சரியா இருக்குக்கா. பில்டிங் பூரா சார் கம்பெனி வயர்தான். பாஸ் சீட்டுகூட உள்ளேயே கிடக்கு, பாருங்க."

சீட்டில் கணவரின் கையெழுத்து.

அவன் போனதும் கேட்டாள்: "நீங்க பாஸ் பண்ணின வயருக்கா இத்தனை பயம்?"

அவர் தலை நிமிரவில்லை. "கலப்படச் செம்பு. மின்தடை அதிகம், சூடேறும். முதலாளி நெருக்கினார். ஐஸ்ல வச்சு அளந்தேன். குளிரவச்சா மின்தடை குறைஞ்சு எந்தக் கம்பியும் நல்ல பிள்ளையாயிடும்."

"பில்டிங் பூராவுமா?"

"குடிவந்த அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நாற்பது வீடு."

மேல்வீட்டில் குழந்தையைக் குளிக்கக் கூப்பிடும் குரல் கேட்டது. ஹீட்டர் போட்டிருப்பார்கள். மேலே போகும் லைன் இந்தச் சுவருக்குள்தான் ஓடுகிறது. அவர் கை தானாக அங்கே போனது.

இந்த முறை அவளும் கை வைத்தாள்.

சுட்டது.