அப்பாவின் அமெரிக்க விஸ்கி

கதவைத் திறந்ததும் விஸ்கி வாசனை மூக்கில் ஏறியது. மகள் திடுக்கிட்டு நின்றாள்.

அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கரண்ட் போய்விட்டதால் அன்று வேலை பாதியிலேயே முடிந்துவிட்டது. அவள் இந்நேரத்துக்கு வருவாள் என்று வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார் அப்பா. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு போய்விட்டது. வாய் வழியாகச் சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. வயிற்றில் செருகிய குழாய் வழியாகத்தான் சாப்பாடு.

அவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையில் கிளாஸோடு உட்கார்ந்திருந்தார் வேன் மாமா. அப்பா புரூஃப் பார்த்த அச்சகத்தில் வேன் ஓட்டியவர். அப்பாவின் நெடுநாள் சிநேகிதர். "நீ நிம்மதியா வேலைக்குப் போம்மா, அப்பாவை நான் பாத்துக்கறேன்" என்று ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார். தங்கமான மனுஷன் என்று அவளும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தங்கத்தின் கையில் இருந்தது அப்பாவின் அமெரிக்க விஸ்கி.

நன்றாக இருந்த காலத்தில் அப்பா ஞாயிற்றுக்கிழமை மாலை அதில் கொஞ்சம் ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். முகர்ந்து பார்ப்பார். சோளத்தில் செய்வது, உள்பக்கம் தீயில் கருக்கிய புது மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் ஊறுவது என்று யார் வந்தாலும் பாடம் நடத்துவார். குடிப்பதைவிட அதைப் பற்றிச் சொல்வதில்தான் அவருக்கு ருசி அதிகம்.

மாமா ஒரு மடக்கு வாயில் ஊற்றிக்கொண்டு கண்களை இறுக்கி மூடினார்.

"வெனிலா. ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்ததும் வருமே, அது."

அப்பா கட்டில் சட்டத்தில் விரலால் டக்கென்று தட்டினார்.

"சரி, இரு." இன்னொரு மடக்கு. "கருகின சர்க்கரை. அடியில மரம். மழை பேஞ்ச அன்னிக்கு மரக்கடை வாசல்ல நின்னா அடிக்குமே, அந்த வாசனை."

அப்பாவின் கண்களில் நீர் கோத்துக்கொண்டது.

அதைப் பார்த்ததும் மகளுக்கு உடம்பெல்லாம் பதறியது. வாய்விட்டுக் கேட்க முடியாமல் தட்டித் தட்டிக் கெஞ்சுகிற மனிதர் முன்னால் உட்கார்ந்து, அவருடைய பாட்டிலையே காலி செய்துகொண்டு, ருசி வேறு சொல்கிறாரே! வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இன்றுதான் கண்ணால் பார்த்தாள்.

பாய்ந்து போய் கிளாஸைப் பிடுங்கினாள்.

"ஏன் மாமா, ஒரு சொட்டு இறங்காதவர் முன்னாடி உட்கார்ந்து இப்படிக் குடிக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

மாமா வெலவெலத்துப்போனார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், அப்பாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அவள் விடவில்லை. எத்தனை வாரமாக இந்தக் கூத்து, ஓசிக் குடிக்குத்தான் நோயாளியைப் பார்க்கிற சாக்கா, நீங்களெல்லாம் ஒரு சிநேகிதரா என்று வாய்க்கு வந்தபடி பேசினாள். அவள் பேசப் பேச அப்பா சட்டத்தைத் தட்டினார். முகம் சிவக்க, விரல் நோகத் தட்டினார்.

"பாருங்க, அப்பாவுக்கே தாங்கல. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

மாமா தலையைக் குனிந்தபடி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

பாட்டில் இங்கே இருந்தால்தானே வம்பு? அதையும் அவர் கையில் கொடுத்துத் தலைமுழுகிவிடலாம் என்று மூடியைத் திருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

தெருமுனையில் மாமா ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எவ்வளவு கோபம் இருந்தாலும் வயசான மனுஷன். ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள்.

"என்ன மாமா, ரெண்டு மடக்குக்கே இப்படியா?"

"வாராவாரம் இப்படித்தாம்மா." கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். "பழக்கமில்ல பாரு."

"பழக்கமில்லையா?"

"நான் என்னிக்கும்மா குடிச்சேன்? அச்சகத்துல எல்லாரும் குடிச்ச அன்னிக்கு, வேன்ல ஏத்தி வீடு சேக்கறவன் நான்தான். அந்த வாடையே எனக்கு ஆகாது."

"அப்புறம் எதுக்கு மாமா..."

"உங்கப்பன்தான் பாட்டிலைக் காட்டினான். அப்புறம் என் வாயைக் காட்டினான். முடியாதுன்னுதான் சொன்னேன். ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் அவன் வேணும்னு கேட்டது அது ஒண்ணுதாம்மா. நான் சொல்லச் சொல்ல அவன் நாக்குல அந்த ருசி வந்துடுது போல. சரியாச் சொல்லிட்டேன்னா கண்ணு கலங்கிடுவான்."

இவரையா அப்படிப் பேசினோம்?

"அப்பா தட்டினாரே மாமா?" என்று கேட்டாள்.

மாமா லேசாகச் சிரித்தார்.

"அது அச்சகத்துப் பழக்கம். ஒருத்தர் வாய்விட்டுப் படிப்பாங்க, உங்கப்பன் புரூஃப்ல கண்ணை வெச்சுக்கிட்டுக் கேப்பான். எங்கே தப்பு வருதோ, அங்கே மேஜையில ஒரு தட்டு. தப்புன்னா மட்டும்தான் தட்டுவான்."

மாமாவை அவள் திட்டிய ஒவ்வொரு வார்த்தைக்கும் அப்பா தட்டிக்கொண்டே இருந்தார்.