விமல் மோதாத ஆள்

கண்ணாடிப் பெட்டியின்மேல் மாலையை வைத்தபோது, பாண்டியராஜுக்குத் துக்கத்தைவிட ஏமாற்றமே அதிகமாக இருந்தது. ஒருநாளாவது அடித்துவிட வேண்டும் என்று அவன் பதினான்கு வருஷம் காத்திருந்த ஆள், மழையில் பைக் சறுக்கிச் செத்துப்போயிருந்தான்.

ஜெகதளாவில் விமலின் வீட்டு வாசலில், பழைய பாக்ஸிங்காரர்கள் இரண்டு பேர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். இருபத்தியொரு சண்டை, இருபத்தியொரு ஜெயம். ஆனால் யாரை ஜெயித்தான் என்று ஒருவர் கேட்டார். மற்றவர் உதட்டைப் பிதுக்கினார்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், பாண்டியராஜோடு மோதவிருந்த மாநில இறுதிப் போட்டியன்று காலையில், மணிக்கட்டு வலி என்று சொல்லி விமல் விலகிக்கொண்டான். கோப்பை பாண்டியராஜுக்கு வந்தது; அதைக் காட்டி அரசு வேலையும் வந்தது.

அதன்பிறகு விமல் எடைப் பிரிவையே மாற்றிக்கொண்டான். பெயர் தெரியாத பையன்களோடு மட்டும் மோதினான். பாண்டியராஜ் இரண்டு முறை ஆள் விட்டு அழைத்தும் வரவில்லை. பெரிய ஆளோடு மோதப் பயப்படுகிறவன் என்று சொல்லி, தேர்வுக் குழுவும் அவனைக் கழித்துவிட்டது. கடைசிவரை தேயிலை ஃபேக்டரி லாரிதான் ஓட்டினான். பயந்தாங்கொள்ளி என்ற பெயரை ஊரெல்லாம் பரப்பியதே பாண்டியராஜ்தான்.

ஆனால் அவன் கிளம்பும்போது விமலின் மனைவி மனிஷா எழுந்து வந்து கை கூப்பினாள். “உங்களைப் பத்தி ஊட்ல யாரையும் ஒரு வார்த்தை தப்பாப் பேச விடமாட்டாருங்க” என்றாள்.

கூட வந்திருந்த பாண்டியராஜின் அம்மா சின்னம்மை, விமலின் கால்மாட்டில் உட்கார்ந்து, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள்போல அழுதுகொண்டிருந்தாள். எழுப்பிக் கூட்டிவருவதே பெரும்பாடாகிவிட்டது. வயசானால் எந்தச் சாவுக்கும் இப்படித்தான் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பஸ் நிறுத்தத்தில் தூறல் விடவில்லை.

“எங்கூட ஒரே ஒரு தடவ மோதியிருந்தா, தோத்திருந்தாலும் அவன் பேரு நின்னிருக்கும்மா” என்றான்.

சின்னம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். அந்தப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, பாண்டியராஜின் பெட்டியில் துணிக்கடியில் ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்ததாம்.

பாண்டியராஜுக்கு அந்தச் சீட்டு நினைவுக்கு வந்தது. அவனுடைய இடது கண்ணில் இன்னொரு குத்து விழுந்தால் பார்வை போய்விடும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு அது. வெளியே தெரிந்தால் போட்டியில் சேர்க்கமாட்டார்கள் என்று ஒளித்து வைத்திருந்தான். வேலை கிடைத்த பிறகுதான் யாருக்கும் சொல்லாமல் கோயமுத்தூர் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டான்.

“உனக்குத்தான் படிக்கத் தெரியாதேம்மா.”

“நீங்க பாக்ஸிங் பழகுற எடத்துக்கு எடுத்துட்டு வந்தேன்யா. நீ இல்ல. வாசல்ல ஒரு பையன் நின்னான், அவங்கிட்ட படிக்கச் சொல்லி நீட்டுனேன்.”

“யாரும்மா?”

“இப்பப் பெட்டிக்குள்ள கெடக்கானே, அந்தப் புள்ளதான்யா.”